காஞ்சியில் தனிப்பாடம்

காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே, நகரத்தின் இரைச்சல் தேய்ந்து வயலும் ஏரியும் தலைகாட்டத் தொடங்கும் இடத்தில் உள்ள ஏனாத்தூர், ஒரு தலைமுறைக்கு முன்னர்வரை சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களுள் ஒன்றாக மட்டுமே இருந்தது. பிறகு, ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்தியாலயம் 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அங்கீகாரம் பெற்றதனாலும், சங்கரா கலை அறிவியல் கல்லூரியும் மீனாட்சி மருத்துவக் கல்லூரியும் அங்கே எழுந்ததனாலும், ஒரு வித்தியாஸ்தானமாகவே ஆகிவிட்டது. இவ்வூர்த் தெருக்களில் இரவு ஏழரை மணிக்கு நடந்துபோகிறவர், தொலைக்காட்சியின் ஓசையும் குக்கரின் சீழ்க்கையும் ஓய்ந்த சிறு இடைவெளிகளில் வேறொரு சம்பாஷணையையும் கேட்கலாம். எவர்சில்வர் சொம்பில் சாய்த்து வைத்த கைபேசிக்கு எதிரே, பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். "மிஸ், நடுவுல கட் ஆயிடுச்சு, மறுபடி சொல்லுங்க" என்பாள். மறுமுனையில், சேலத்திலோ திருநெல்வேலியிலோ பெங்களூரிலோ இருக்கும் ஆசிரியை, அலுப்பில்லாத குரலில், "எதுலேர்ந்து போச்சு, கண்ணு? மைட்டோகாண்ட்ரியா வரைக்கும் கேட்டுதா?" என்று கேட்பார். ஓர் ஆசிரியை, ஒரு மாணவி, ஒரு மணி நேரம். பாடம், வேதியியலும் உயிரியலும்.

இதனைப் புதுமை என்கிறார்கள். புதுமை என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதில் எந்தப் பாகம் புதியது, எந்தப் பாகம் பழையது என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பதே என் விருப்பம். அதற்குக் காஞ்சியைவிடத் தகுந்த இடம் தமிழ்நாட்டில் இல்லை.

காஞ்சியைப் பற்றி எழுதப் புகுகிறவர் எல்லாரும் எடுத்த எடுப்பிலேயே மேற்கோள் காட்டும், இந்நகரின் கல்வியைப் புகழ்ந்த அப்பர் சுவாமிகளின் வாக்கை நான் இங்கே எடுத்தாளாமல் விடுவது அதில் மதிப்புக் குறைந்ததனால் அன்று. அதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டியது ஒன்றும் இல்லை என்ற மயக்கம் வந்துவிடுகிறது என்பதனால்தான். இங்கே கல்வி மிகுந்திருந்தது என்பது யாவரும் அறிந்த செய்தி. அது எவ்வாறு கற்பிக்கப்பட்டது, ஓர் ஆசிரியருக்கு எதிரே எத்தனை பேர் அமர்ந்தார்கள், அவருக்குப் படியளந்தவர் யார் என்பவை அல்லவா நமக்கு இப்போது வேண்டியவை?

கர்நாடகத்துத் தாளகுண்டாவில் உள்ள கல்வெட்டு, கடம்ப வமிசத்தை ஸ்தாபித்த மயூரசர்மன் நான்காம் நூற்றாண்டில் வேதம் முழுவதையும் ஓதி முடிக்கும் பொருட்டுக் காஞ்சியின் கடிகை என்னும் வித்தியாசாலைக்கு வந்ததையும், வந்த இடத்தில் பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு மூண்ட சச்சரவினால் தருப்பை பிடித்த கையில் வாளைப் பிடித்ததையும் சொல்கிறது. சரித்திர ஆசிரியர்கள் அந்தச் சச்சரவையே விரித்துப் பேசுவார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றுவது, அவன் தன் குருவாகிய வீரசர்மரோடு சேர்ந்தே கடிகைக்கு வந்தான் என்னும் சிறு குறிப்பு. தென்னாட்டின் தலைசிறந்த வித்தியாசாலைக்கு வந்த மாணவன், தன் சொந்த ஆசிரியரையும் விடாமல் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான்! கல்லூரியில் சேர்ந்த பிறகும் டியூஷன் வாத்தியாரை விடமுடியாத இக்காலத்துப் பிள்ளைகளைப் பரிகசிக்கிறவர்கள் மயூரசர்மனையும் நினைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் பழங்காலத்துக் கல்வி முழுவதும் ஒருவருக்கொருவராகவே நடந்தது என்று எண்ணிவிடலாகாது. எண்ணாயிரம் என்னும் ஊரில் உள்ள, முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டில் 340 மாணாக்கருக்கு 14 ஆசிரியர்கள் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். சராசரியாக ஓர் ஆசிரியருக்கு இருபத்துநான்கு பேர். இன்றைய நல்ல பள்ளிக்கூடத்தின் கணக்குக்கு இது மிகவும் நெருங்கியது. ஓதி மனனம் செய்யும் வித்தைக்குக் கூட்டம் தடையாக இருக்கவில்லை. பத்துப் பேர் சேர்ந்து ஓதினால் சுரம் பிழைத்தவன் தானே அகப்பட்டுக்கொள்வான். கைப்பழக்கத்தால் வரவேண்டிய வித்தைகள்தாம் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு நேரே போகவேண்டியிருந்தன.

அத்தகைய வித்தை ஒன்றுக்குச் சாட்சி ஏனாத்தூருக்கு வெகுதூரத்தில் இல்லை. காஞ்சியைத் தொட்டுக்கொண்டு ஓடும் வேகவதி, பாலாற்றோடும் செய்யாற்றோடும் கூடும் இடமாகிய திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்ததும் 1068ஆம் ஆண்டை ஒட்டியதுமான நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அக்கோயிலைச் சார்ந்து வேதமும் சாஸ்திரமும் ஓதும் பள்ளி ஒன்றும், மாணாக்கர் உண்டு உறைய விடுதி ஒன்றும், 'வீரசோழன்' என்ற பெயருடைய ஆதுலர் சாலை ஒன்றும் நடந்தன. ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள். நோய் தீர்க்கும் வைத்தியர் ஒருவர், சல்லியக் கிரியை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து சமைக்க இருவர், நோயாளிகளைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர் என்று ஒவ்வொருவருக்கும் ஜீவிதம் வகுத்திருக்கிறார்கள். அதற்கு மேலும் ஒரு வரிசை உண்டு: ஓராண்டுக்குச் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் ஜாபிதா. ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்த வாசாஹரீதகி, பத்து வேர்கள் கூடிய தசமூலஹரீதகி, சேங்கொட்டையைச் சுத்தி செய்து ஆக்கும் பல்லாதகஹரீதகி, வில்வாதி கிருதம், செம்பை முதலாகக் கொண்ட தாம்ராதி, கல்யாணலவணம் என்னும் உப்பு மருந்து, ஆண்டுக்கணக்கில் வைத்துப் பழமையாக்கிய நெய் என்று அது போகிறது.

இந்த ஜாபிதாவைப் படித்தபோது என்னை நிற்கச் செய்தது அதன் பழமை மட்டும் அன்று. நாம் இன்று வேதியியல் என்றும் உயிரியல் என்றும் இரண்டு புத்தகங்களாகவும், இரண்டு பீரியடுகளாகவும், இரண்டு டியூஷன்களாகவும் பிரித்து வைத்திருப்பவை இங்கே ஓர் அடுப்பின்மேல் ஒரு பாத்திரத்துக்குள் கிடக்கின்றன. இலையை அடையாளம் காண்பவனே அதைக் கொதிக்க வைக்கிறான். எப்போது இறக்கவேண்டும் என்பதை நிறத்தாலும் மணத்தாலும் அறிகிறான். சேங்கொட்டையின் பால் தோலைக் கொப்புளிக்கச் செய்யும் என்பதை எந்தச் சுவடியும் ஒருவனுக்குக் கற்பித்துவிட முடியாது; பக்கத்தில் நின்ற மூத்தவன் கையைத் தட்டிவிட்டுத்தான் கற்பித்திருக்கவேண்டும். விக்கிரம சோழன் காலத்தில், 1121இல், திருவாவடுதுறையில் சரக சம்ஹிதையும் அஷ்டாங்க ஹிருதயமும் ஓதுவதற்கு ஏற்பாடு இருந்ததாகக் கல்வெட்டுச் சொல்கிறது. நூலை அங்கே கூட்டமாக ஓதியிருக்கலாம். நூலுக்கு அப்பாற்பட்டது அடுப்படியில்தான் கிடைத்திருக்கும்.

காஞ்சியின் மற்றொரு பெரிய வித்தையாகிய பட்டு நெசவும் இந்த வழியே வந்தது. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமும் அமையும்படி மூன்று நாடாக்களை ஓட்டி நெய்யும் கோர்வைச் சேலைக்கு, தறிக்குழியில் இருக்கும் நெசவாளர் ஒருவர் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாம் நாடாவைத் தள்ளுவதற்கு இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவராகப் பல தலைமுறைகளாக உட்கார்ந்தது வீட்டுப் பிள்ளையோ, கடனுக்கு ஈடாக வந்த அயல் வீட்டுப் பிள்ளையோதான். பாவு பிணைப்பதும், அறுந்த இழையை ஈரவிரலால் முடிவதும், சரிகையின் முறுக்கை விரல்நுனியால் உணர்வதும் அவ்வாறே பழகின. இதைவிடச் செம்மையான தனிப்போதனை உலகில் எங்கும் இல்லை என்று பெருமை பேசுவது எளிது. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கவில்லை என்பதும், அவர்களைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவதற்குச் சென்ற நூற்றாண்டின் இறுதியில் இந்நகரத்தில் ஓர் இயக்கமே நடக்கவேண்டியிருந்தது என்பதும் அந்தப் பெருமையோடு சேர்த்தே சொல்லப்பட வேண்டியவை. தறியருகே நாடா தள்ளியவரின் பேத்திதான் இன்று சொம்பில் கைபேசியைச் சாய்த்து வைத்திருக்கிறாள்.

இடைக்காலத்தை விரைந்து கடந்து கும்பினி ஆட்சிக்கு வருவோமானால், அங்கே ஓர் ஆச்சரியமான புள்ளிவிவரம் காத்திருக்கிறது. சென்னை கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, இராஜதானியில் உள்ள பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்குமாறு 1822இல் கலெக்டர்களுக்கு உத்தரவிட்டு, வந்த விவரங்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் குறிப்பு ஒன்று எழுதினார். சென்னை நகரத்தில் பள்ளிக்கூடம் சென்று படித்தவர் 5,699 பேர். வீட்டிலேயே ஆசிரியரை வைத்துக்கொண்டோ உறவினரிடத்தோ படித்தவர் ஏறத்தாழ 27,000 பேர் என்று கலெக்டர் தெரிவித்திருந்தார். இது மிகையாயிருக்கும் என்று மன்றோவே சந்தேகப்பட்டார். பாதியைத் தள்ளிவிட்டாலும், பள்ளியில் படித்தவரைப்போல் இருமடங்குக்கு மேற்பட்டோர் வீட்டுத் திண்ணையில் படித்தார்கள் என்று ஆகிறது. அக்காலத்து உபாத்தியாயர்களின் வருமானம் பெரும்பாலும் மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேற்படவில்லை என்றும் மன்றோ எழுதிவைத்தார். கோயிலும் அரசனும் படியளந்த காலம் போய், பிள்ளையைப் பெற்றவர் கொடுக்கும் நெல்லையும் சில்லறையையும் நம்பி ஆசிரியர் பிழைக்கும் காலம் அதற்குள் வந்துவிட்டது. மணிக்கணக்குக் கூலிக்குப் பாடம் சொல்வது கம்ப்யூட்டரோடு வந்த வழக்கம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

பெரும் வகுப்பறைதான் புதிதாக வந்த விருந்தாளி. எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் திண்ணைப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதையும், பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டு, அதையே முறையாக வகுத்து 1797இல் இலண்டனில் பிரசுரித்தார். அது 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. ஆசிரியர் ஒருவரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் செலவில்லாமல் படிப்பிக்கலாம் என்ற ஆசையே அதற்கு அங்கே அத்தனை மதிப்பைத் தேடித்தந்தது. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்துபோய்ப் பெரும் வகுப்பாகத் திரும்பிவந்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இரசாயனமும் ஜீவசாஸ்திரமும் திண்ணைக்கு வந்தவை அல்ல. அவை ஆஸ்பத்திரி வழியாகத் தமிழுக்குள் புகுந்தன. இந்த இடத்தில் கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர் 1847இல் இலங்கை வந்து, மானிப்பாயில் மருத்துவம் பார்த்ததோடு, உள்ளூர் இளைஞர்களைச் சிறு சிறு தொகுதிகளாகச் சேர்த்து மேல்நாட்டு வைத்தியமும் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், படித்தவர்கள் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்விடுவதைக் கண்டு, தமிழிலேயே கற்பிப்பதென்று முடிவு செய்தார். அதற்குப் புத்தகம் வேண்டுமே! 'இரணவைத்தியம்' 1867இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. அவரிடத்தில் தேறிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவர்களில் பாதிப்பேருக்கு மேல் தமிழில் படித்தவர்கள். 1873இல் உடல்நலம் குன்றி அமெரிக்கா திரும்பிய பின்னரும் கிறீன் தமிழை விடவில்லை. 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூல் 1875இல் அச்சேறியது; அப்போது அவர் இருந்தது மாசசூசெட்ஸில், மாணவர்கள் இருந்தது யாழ்ப்பாணத்தில். இரசாயனத்தைத் தமிழருக்குக் கடல் கடந்து போதிக்க முடியும் என்பதைக் கப்பல் தபாலே நிரூபித்துவிட்டது; இணையம் பின்னால்தான் வந்தது.

அந்தப் பெயரையும் சற்றுக் கவனியுங்கள்: கெமிஸ்தம். வேதியியல் என்ற சொல் பிறப்பதற்கு முன், இரசாயனம் என்ற சொல் வைத்தியர்களின் கற்பமருந்துகளுக்கு உரியதாக இருந்த காலத்தில், ஆங்கிலச் சொல்லுக்கே ஒரு தமிழ் விகுதியைப் பூட்டி ஓட்டிவிட்டார்கள். பிற்காலத்தில் சேலத்தில் வக்கீலாக இருந்த இராஜாஜி, நண்பர்களோடு சேர்ந்து 1916இல் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை ஏற்படுத்திச் சொற்களைப் பற்றி விவாதிக்கலானார். அவரே எழுதிய 'திண்ணை ரசாயனம்' என்ற நூலின் பெயர் எனக்கு இன்றும் சந்தோஷம் தருவது. ஆய்வுச்சாலைக்கு உரியதென்று ஒதுக்கிவைத்த சாஸ்திரத்தைக் காஞ்சியிலும் சேலத்திலும் ஆயிரம் வீடுகளின் முன்னே உள்ள திண்ணையில் கொண்டுவந்து உட்காரவைத்தது அந்தத் தலைப்பு. தாவரங்களின் இனப்பெருக்கத்தை விளக்கிய நூலுக்கு அவர் 'தாவரங்களின் இல்லறம்' என்று பெயரிட்டார். பெ. நா. அப்புசாமியும் அறுபது எழுபது ஆண்டுகள் அதே பணியைச் செய்தார். இவர்கள் எழுதியவை பரீக்ஷைக்காக எழுதப்பட்டவை அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோன்ற நடை இவர்களுக்கு அமைந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

பரீக்ஷை வந்தது. 1978இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ ஏற்பட்டது. 1984இல் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் நுழைவுத் தேர்வு ஏற்பட்டு, 2007இல் ஒழிக்கப்பட்டது. பிறகு மருத்துவத்துக்கு நீட் என்னும் நுழைவுத் தேர்வு வந்தது. இந்தத் தேர்வுகளின் கதையும் அவற்றைப் பற்றிய அரசியல் வழக்குகளும் தனிப் புத்தகத்துக்கு உரியவை. நம் விஷயத்துக்கு வேண்டியது ஒரு சிறு கூட்டல்தான். நீட் தேர்வின் மொத்த மதிப்பெண் 720; அதில் உயிரியலுக்கு 360, வேதியியலுக்கு 180. ஆகவே நாலில் மூன்று பங்கு இவ்விரண்டு பாடங்களில் அடங்கிவிடுகிறது. இணையத்தில் டியூஷன் சொல்பவர்களில் இத்தனை பேர் இவ்விரண்டையும் ஜோடியாகவே சொல்லித்தருவது ஏன் என்பதற்கு வேறு சமாதானம் தேடவேண்டாம். திருமுக்கூடல் அடுப்பின்மேல் ஒன்றாக இருந்து, பள்ளிக்கூடத்தில் பிரிந்துபோன இரண்டு சாஸ்திரங்களை மதிப்பெண் மறுபடி சேர்த்துவைத்தது.

கம்ப்யூட்டருக்கு முன்னே இருந்த டியூஷனைக் காஞ்சியில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு 'சார்' வீட்டு வாசலில் வரிசையாகச் சைக்கிள்கள். உள்ளே பாயில் முப்பது நாற்பது பிள்ளைகள். மாமி கோலம் போட்டுவிட்டு எழும்போது முதல் 'பேட்ச்' முடிந்து இரண்டாவது நுழையும். அது பெயரளவில்தான் தனிப்போதனை. உண்மையில், பள்ளிக்கூடத்தைப் பாயில் சுருட்டிக் கொண்டுவந்ததே. இதே காலத்தில், 1970இல் சென்னையில் தொடங்கிய பிரில்லியண்ட் டுடோரியல்ஸ் தபாலில் பாடம் அனுப்பி, விடைத்தாளை வரவழைத்துத் திருத்தி, திருப்பி அனுப்பி வந்தது. மாணவனை நேரில் பாராத திருத்துநர், விளிம்பில் சிவப்பு மையால் எழுதிய இரண்டு வரியில், அவனுக்கே உரிய பிழையை அவனுக்கு மட்டும் சுட்டிக்காட்டினார். தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற பிள்ளைகளுக்கு அந்த இரண்டு வரி வகுப்பறையின் ஓராண்டுக்கு ஈடாக இருந்ததுண்டு.

பிறகு நடந்ததுதான் விந்தை. 2005இல் கே. கணேஷ் என்பவர் பெங்களூரில் டியூட்டர்விஸ்டா என்ற நிறுவனத்தைத் தொடங்கி, இந்தியாவில் தத்தம் வீடுகளில் இருந்த ஆசிரியர்களைக் கொண்டு அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையத்தின் வழியே ஒருவருக்கொருவராகப் பாடம் சொல்ல ஏற்பாடு செய்தார். மாதம் நூறு டாலர் கட்டினால் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது திட்டம். கொச்சியில் குரோயிங் ஸ்டார்ஸ் என்ற நிறுவனமும் இதைச் செய்துகொண்டிருந்தது. அமெரிக்கக் கீழைக்கரையில் கோடைக்கால மாலை ஏழு மணி என்றால் நமக்கு விடியற்காலை நாலரை. சாஸ்திரப் பட்டம் பெற்று, திருமணத்தாலும் குழந்தைகளாலும் வீட்டோடு தங்கிவிட்ட எத்தனையோ பெண்கள், பிரம்ம முகூர்த்தத்தில் தலையை முடிந்துகொண்டு கம்ப்யூட்டர் முன்னே உட்கார்ந்து, பென்சில்வேனியாவிலோ நியூஜெர்சியிலோ உள்ள பிள்ளைக்கு அமிலமும் காரமும் கற்பித்தார்கள். கிறீன் வைத்தியர் மாசசூசெட்ஸிலிருந்து தமிழருக்குக் கெமிஸ்தம் கற்பித்த கடன், நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பிறகு வட்டியோடு தீர்க்கப்பட்டது என்று சொன்னால், கணக்குப் பிள்ளைகள் கோபிக்கமாட்டார்கள்.

அமெரிக்கப் பிள்ளைக்காகப் பழகிய கருவி நம் பிள்ளைக்குத் திரும்பியது பெருந்தொற்றுக் காலத்தில். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியில் அரசு பாடங்களை ஒளிபரப்பியது. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்தார்கள். ஆனால் தொலைக்காட்சியிடம் சந்தேகம் கேட்க முடியாது; தன்னார்வலர்கள் வந்தது சிறு வகுப்புப் பிள்ளைகளுக்காக. பிளஸ் டூ வேதியியலும் உயிரியலும் படித்த பிள்ளைகளின் பெற்றோர்தாம், இயன்றவர் இயன்ற அளவு பணம் கொடுத்து, தனி ஆசிரியரைத் திரையில் அமர்த்தினார்கள். பள்ளிகள் திறந்த பின்னும் அவர் எழுந்து போகவில்லை.

இயலாதவர் என்ன செய்தார்கள் என்ற கேள்வி இங்கே எழுந்தே தீரும். பள்ளி ஆசிரியர் தனிப்பட டியூஷன் நடத்தலாகாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தடுக்கிறது. தென் கொரியாவில் 1980இல் டியூஷனையே சட்டத்தால் தடைசெய்து பார்த்து, 2000இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அத்தடை செல்லாது என்று தீர்ப்பளிக்கக் கண்டார்கள். தடையால் நின்றதாக எங்கும் இல்லை. தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவன் வகுப்பறையில் படித்த நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரை மிஞ்சினான் என்று சிகாகோவில் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதியது, பிற்கால ஆராய்ச்சிகளில் அத்தனை பெரிதாக நிலைபெறவில்லை. ஆனாலும் பயன் உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. பயன் உள்ள பொருளைப் பணம் உள்ளவர் வாங்கத்தான் செய்வார்கள். சோழன் காலத்தில் அதன் செலவைக் கோயில் ஏற்றது என்பதை மட்டும் நினைவூட்டி இதை விடுகிறேன்.

திரையின் நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. நாற்பது பேருக்கு நடுவே வாய் திறக்கக் கூசிய பெண், தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்கிறாள். இருட்டில் சைக்கிளில் தனியே வரவேண்டிய கவலை பெற்றோருக்கு இல்லை. பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் விளக்கம் தமிழில் கிடைக்கிறது. இவை பெரிய லாபங்கள். நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. உப்பைப் பகுத்துக் கண்டறியும் சோதனையில் அழுகிய முட்டை நாற்றம் எழுந்ததும் சல்பைடு என்று மூக்கே சொல்லிவிடும். அந்த நாற்றம் கம்பி வழியே வராது. பியூரெட்டின் குழாயை ஒரு சொட்டு அதிகம் திருப்பிவிட்டால் இளஞ்சிவப்பு அடர்சிவப்பாகி வேலை பாழாவதும், வெங்காய வேர்நுனியை அழுத்தும்போது கண்ணாடிவில்லை உடைவதும் கைக்குத் தெரியவேண்டியவை. பிளஸ் டூவில் செய்முறைக்கு நூற்றுக்கு இருபது மதிப்பெண் உண்டு; நீட்டில் அதற்கு ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததற்கு மணிக்கூலி கொடுக்க யார் முன்வருவார்கள்? தனிப்போதனை திரும்பிவந்துவிட்டது, அதன் உயிராக இருந்த கைப்பழக்கம் வரும் வழியில் எங்கோ இறங்கிவிட்டது.

காஞ்சிக்காரருக்கு இது ஒரு விசித்திரமான நஷ்டம். ஏனாத்தூர்ப் பெண் திரையில் புரதத்தைப் படிக்கிறாள். அவளுக்கு மேற்கே, நெசவாளர் தெருக்களை அடுத்த சாயப்பட்டறைகளில், நாள்தோறும் புரதத்தைக் கொப்பரையில் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். கர்நாடகத்திலிருந்து வரும் கோராப் பட்டின் மேலே செரிசின் என்னும் பசைப்புரதம் படிந்திருக்கிறது. உள்ளே ஃபைப்ராயின் என்னும் இழைப்புரதம். சோப்பும் சோடாவும் கரைத்த வெந்நீரில் நூல்கழிகளை முக்கி எடுத்தால் செரிசின் கரைந்துபோய், எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்து, பட்டுக்கு அதன் பளபளப்பு வருகிறது. ஒரு புரதம் காரத்தில் கரைகிறது, மற்றொன்று தாங்கி நிற்கிறது, ஏன்? இதைவிட நல்ல வினா எந்த வினாத்தாளிலும் வந்ததில்லை. பிறகு சாயம். மலேரியாவுக்கு மருந்தாகிய குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்ற வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவன், 1856இல் தன் வீட்டு ஆய்வறையில் தற்செயலாகக் கண்ட ஊதா நிறத்திலிருந்து கிளைத்தது செயற்கைச் சாயத் தொழில். காஞ்சிப் பட்டின் அவுரியையும் அரக்கையும் ஒதுக்கியது அதன் சந்ததிதான். அந்தச் சாயம் பட்டின் புரதத்தைப் பற்றிக்கொள்வதற்கு வெந்நீரில் சற்று அமிலம் ஏன் வேண்டும் என்பது மற்றொரு பாடம். பட்டுப்புழுவின் வாழ்க்கையோ மேல்நிலை வகுப்பு விலங்கியல் புத்தகத்திலேயே இருக்கிறது. அதன் இழையை உடுத்தித்தான் அந்தப் பெண்ணின் அக்கா மணமேடையில் உட்கார்ந்தாள்.

இணையத்தில் பாடம் சொல்லும் ஆசிரியர்களிடமும், அவர்களை அமர்த்தும் பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புரதம் என்ற பாடம் வரும் வாரத்தில், ஒரு மணி நேரப் பாடத்தை மட்டும் திரைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தன் கைபேசியோடு சாயப்பட்டறைக்குப் போகட்டும். ஆசிரியர் சேலத்தில் இருந்தபடியே அதன் வழியாகப் பார்த்துக் கேள்வி கேட்கட்டும். பிள்ளை கொப்பரையின் அருகே நின்று தொட்டும் முகர்ந்தும் பார்த்துப் பதில் சொல்லட்டும். பட்டறையில் காலையிலேயே அடுப்பு மூட்டிவிடுவார்கள். ஏனாத்தூரிலிருந்து பஸ் இருக்கிறது.